எருக்கஞ்செடிக்கு வந்த மாப்பிள்ளை

பாத்திமா மேரி வீட்டு வாசலில் ரெங்கம்மாள் வெற்றிலைத் தாம்பாளத்தோடு வந்து நின்றபோது, அவள் பெண் கேட்டு வந்திருக்கிறாள் என்று யாருக்குத்தான் தோன்றும்? அந்த வீட்டில் பெண்ணே கிடையாது. இரண்டும் பையன்கள். மூத்தவன் ஜெரால்ட் கத்தாரில், இளையவன் ஜெனித் ஓசூரில். மருமகள்கள் இருவரும் நல்லவர்கள்தான். கிறிஸ்துமஸ் அன்று வீடியோ காலில் வந்து, போனை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டு, காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிறவர்கள். பாத்திமா மேரியும் போன் திரையில் கட்டைவிரலால் சிலுவை போட்டு அனுப்பிவைப்பாள்.

ரெங்கம்மாளுக்குப் பின்னால் அவள் தம்பி ரெத்தினம் நின்றிருந்தார். கதிர் அறுக்கும் மெஷின் சொந்தமாக வைத்து ஓட்டுகிறவர். நாற்பத்தைந்து வயது. ஒரத்தநாடு வட்டாரத்தில் பாதி வயல் அவர் மெஷினுக்குத்தான் காத்திருக்கும். அப்பேர்ப்பட்டவர் சலவை வேட்டி சட்டையில், பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்து வந்த பிள்ளைபோல அக்காள் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கியிருந்தார்.

"உங்க வீட்டுப் பொண்ண எங்க தம்பிக்குக் கேட்டு வந்திருக்கோங்க" என்றாள் ரெங்கம்மாள்.

பாத்திமா மேரி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "எந்தப் பொண்ணுங்க?"

ரெங்கம்மாள் மோவாயால் கேட் பக்கம் காட்டினாள். காம்பவுண்டுச் சுவரின் ஈசானிய மூலையில், ஆள் உயரத்துக்கு வளர்ந்து, கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ வைத்துக்கொண்டு எருக்கஞ்செடி நின்றது.

எருக்கை யாரும் கன்று வாங்கி வந்து வைப்பதில்லை. குப்பைமேடு, சுடுகாட்டுப் பாதை, இடிந்த சுவர் என்று வேறு யாருக்கும் வேண்டாத இடமாகப் பார்த்து அதுவே வரும். வீட்டில் எருக்கு முளைத்தால் குடும்பம் பாழாகும் என்று சொல்வதும் இந்த ஊர்தான். பிள்ளையார் சதுர்த்தி அன்று விடிவதற்குள் எருக்கம்பூ கேட்டு அடுத்தவர் வீட்டுக் கேட்டை உலுக்குவதும் இதே ஊர்தான். ஊருக்கு இதிலெல்லாம் வெட்கம் கிடையாது.

பாத்திமா மேரியின் கணவர் இருதயசாமிக்கோ அந்தச் செடியைக் கண்டாலே ஆகாது. மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தவர், ஓய்வு பெற்ற மறுநாளே ரோஜாத் தோட்டம் போட்டார். ஜெனித் ஓசூரிலிருந்து பதினேழு ரோஜாச் செடி கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் பக்கத்துக் களிமண் மழைக்குச் சேறு, வெயிலுக்கு வெடிப்பு. நெல்லைத் தவிர யாரோடும் அது ஒத்துப்போகாது. பதினேழும் வரிசையாகப் போய்ச் சேர்ந்தன. அவை செத்த அதே சுவரோரத்தில் யாரும் விதைக்காத எருக்கு தளதளவென்று எழுந்து நின்றது. தன்னைக் கேலி செய்யத்தான் அது பூக்கிறது என்று இருதயசாமி நம்பினார்.

எட்டு வருஷமாக அதைக் கொல்லப் பார்த்தார். உப்பைக் கரைத்து ஊற்றினார். அவர் மதியம் கண்ணயர்ந்ததும் பாத்திமா மேரி பத்துக் குடம் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவினாள். களைக்கொல்லி வாங்கி வந்தார். அவள் அதைக் கொல்லைக் குழியில் கொட்டிவிட்டு, பாட்டிலில் சொட்டுநீலம் கலந்த தண்ணீரை நிரப்பி வைத்தாள். ஒரு வாரம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு செடிக்கு நீலம் அடித்த மனுஷன், "மேரி, இது சாத்தான் வச்ச செடி. மருந்துக்கே மசிய மாட்டேங்குது" என்றார். பூ முன்னைக்கு இப்போது நல்ல வெளுப்பு என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவள் அதைக் காப்பாற்றியதற்குக் காரணம் ஒன்றுதான். அந்தச் செடியால்தான் அந்த வீட்டுக்கு ஆள் வந்தார்கள். சதுர்த்திக்குப் பூ. தை மாதம் ரத சப்தமிக்குத் தலையில் வைத்துக் குளிக்க ஏழு இலை. குதிகால் வலிக்காரர்களுக்குச் சுட்ட செங்கல்மேல் வைத்து மிதிக்க இலை. காலில் முள் ஏறியவர்களுக்கு இரண்டு சொட்டுப் பால். வந்தவர்கள் பறித்துக்கொண்டு சும்மா போவார்களா? கேட்டைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பேசுவார்கள். மற்ற நாட்களில் அந்தக் கேட்டைத் திறப்பது பால்காரரும் காற்றும்தான்.

"செடியவா கேக்குறீங்க?" என்றாள் பாத்திமா மேரி.

ரெங்கம்மாள் உட்கார்ந்து விவரம் சொன்னாள். ரெத்தினத்துக்கு இரண்டு கல்யாணம் ஆகியிருந்தது. முதல் மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள். இரண்டாமவள் பதினோரு மாதம் இருந்து பார்த்துவிட்டு, திருப்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போனவள், கோர்ட்டில் எழுதிக் கொடுத்து முடித்துக்கொண்டாள். ரெத்தினத்திடம் மனைவி தங்காது என்று ஊரே பேசியது. இப்போது செம்மொழி என்று ஒரு பெண் அமைந்திருக்கிறாள். முப்பத்திநாலு வயது. தையல் வேலை. ஆயி அப்பன் இல்லாமல் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் சித்தப்பா ஒரே பிடியாக நிற்கிறார்.

"மூணாந்தாலி ஆவாதுன்னு சொல்றாருங்க. மூணாவது தாலிய எருக்குக்குக் கட்டிட்டு வாங்க, நாலாவதா எங்க புள்ளைக்குக் கட்டுங்கன்னு சொல்லிட்டாரு. ஜோசியரும் அதான் முறைங்கிறாரு."

"எருக்குதான ரோட்டோரமெல்லாம் கெடக்கு?"

"எங்கங்க கெடக்கு? வாய்க்கால் கரையில நின்னதையெல்லாம் தூர்வார வந்த பொக்லைன் வாரிட்டுப் போயிடுச்சி. அப்படியே நின்னாலும் ரோட்டுல நிக்கிறதப் புடிச்சித் தாலி கட்ட முடியுங்களா? வெள்ளெருக்கா இருக்கணும், ஒரு குடும்பத்துல வளர்ந்ததா இருக்கணும்னு ஜோசியர் சொல்லிட்டாரு."

பாத்திமா மேரிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, சொன்னால் வெட்கம், கொஞ்சம் பெருமையும் வந்தது. முப்பத்தெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் வீட்டுக்கு யாரும் பெண் கேட்டு வந்ததில்லை. "கட்டிக்கட்டும். அதுக்கென்ன?" என்றாள்.

"கட்டுனதும் செடிய வெட்டிடணுங்க" என்றாள் ரெங்கம்மாள், குரலை இறக்கி.

சிரிப்பு நின்றுவிட்டது. "வெட்டணுமா?"

"மூணாவது சம்சாரம் போய்ச் சேந்தாதான நாலாவது நெலைக்கும்."

"அப்படின்னா முடியாதுங்க. நான் புள்ள மாதிரி வளத்தத வெட்டுறதுக்குக் கட்டிக் குடுப்பேனா?" பாத்திமா மேரி எழுந்தே விட்டாள்.

உள்ளேயிருந்து இருதயசாமி பாய்ந்து வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை ரோஜா பூத்திருந்தால்கூடப் பார்த்திருக்க முடியாது. "வெட்டலாம், தாராளமா வெட்டலாம்! என்னைக்கு முகூர்த்தம்? அரிவாள் நான் தீட்டி வைக்கிறேன்."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் பாத்திமா மேரி.

அதுவரை வாயைத் திறக்காத ரெத்தினம் அப்போதுதான் பேசினார். "வேணாங்கக்கா. அவங்களுக்கு மனசில்லன்னா விட்ருவோம். ஆடி பொறந்துட்டா அவங்க சித்தப்பா வேற எடம் பாத்துடுவாரு. பரவால்ல." பரவாயில்லை என்று சொன்ன வாய் கோணிக்கொண்டது. பாத்திமா மேரி அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

செடியைப் பார்த்தாள். ரெத்தினத்தைப் பார்த்தாள். சித்தப்பா வீட்டில் யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கும், தான் பார்த்தேயிராத அந்தப் பெண்ணையும் நினைத்துப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள். வெட்டத்தான் போகிறார்கள் என்றால் முறையாகத்தான் நடக்க வேண்டும் என்று வயிற்றெரிச்சலில் அவளுக்கு ஒரு வீம்பு வந்தது.

"பட்டுப்புடவை எடுக்கணும். நைலான் கொண்டாந்து சுத்தக் கூடாது."

"எடுத்துடலாங்க."

"முகூர்த்தம் என்னைக்கு?"

"ஞாயித்துக்கெழமதாங்க. எருக்குக்குச் சூரியன் கெழமதான் விசேஷம். காலையில ஏழரைக்கு."

"ஏழரைக்கு எங்களுக்குப் பூசை. பூசைய விட்டுட்டு வர முடியாது. பத்து மணிக்கு வைங்க."

ரெங்கம்மாள் ஜோசியருக்குப் போன் போட்டாள். ஜோசியர் திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து அந்த முனையில் ஏதோ கணக்குப் பார்த்து, பத்தேகாலுக்கும் நல்ல நேரம் இருப்பதாகக் கண்டுபிடித்தார்.

"இன்னொண்ணு," என்றாள் பாத்திமா மேரி. "ஆடிக்குப் பொண்ண தாய் வீட்டுக்கு அழைச்சிட்டு வரணும்."

ரெங்கம்மாள் முழித்தாள். "வெட்டுனப்பறம் எங்கேருந்துங்க...?"

"அது எனக்குத் தெரியாது. பொண்ணக் குடுத்தா ஆடிக்கு வரணும். அதான் மொற."

"சரிங்க" என்றார் ரெத்தினம், மண்ணைப் பார்த்துக்கொண்டு.

அடுத்து, பங்குச் சாமியாரிடம் சொல்லாமல் செய்ய பாத்திமா மேரிக்குப் பயம். கோயில் படியில் அவரைப் பிடித்து, எருக்குக்குக் கல்யாணம் என்பதை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். சாமியாரும் அந்தச் செடியின் பழைய வாடிக்கைக்காரர்தான், குதிகால் வலி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "செடிக்கு ஞானஸ்நானம் குடுத்திருக்கா?"

"இல்ல சாமி."

"அப்ப அது நம்ம பங்குல சேராது. யார வேணாலும் கட்டிக்கட்டும்." பத்து அடி போனவர் திரும்பினார். "வெட்டுறதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்சம் எலை எடுத்து வச்சிடுங்க."

ஆனி மாதம் மூன்றாம் ஞாயிறு, பூசை முடிந்த கையோடு வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. செடிக்கு மஞ்சள் பூசி, மாம்பழ நிறப் பட்டுப்புடவை சுற்றி, சாமந்தி மாலை போட்டார்கள். தலைப்பக்கம் மட்டும் அதன் வெள்ளைப் பூங்கொத்துகள் வெளியே தெரிந்தன. செம்மொழியின் சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓரமாக நின்றார். இருதயசாமி இரண்டு நாளாகத் தீட்டிய அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஜோசியர் கண்ணை உயர்த்தி, "பெண்ணுக்குத் தகப்பனார் யாருங்க? வந்து தாரை வார்க்கணும்" என்றார்.

எல்லோரும் இருதயசாமியைப் பார்த்தார்கள். அவர் அரிவாளைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அதை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து நின்றார்.

"உங்க பேரு?"

"இருதயசாமி."

"அப்பா, தாத்தா பேரு?"

"ஞானப்பிரகாசம். அவரோட அப்பா சவரிமுத்து."

"பெண் பேரு?"

இதை யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. "ஜெனிட்டா" என்றாள் பாத்திமா மேரி. ஜெரால்ட், ஜெனித் என்று வைத்தபோதே மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தால் வைக்க என்று எடுத்து வைத்த பேர் அது. மூன்றாவது பிறக்கவில்லை. பேர் அப்படியே கிடந்தது. இருதயசாமி சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார்.

ஜோசியருக்கு எந்தப் பேரும் வாயில் நிற்கும். "சவரிமுத்து நப்த்ரீம், ஞானப்பிரகாச பௌத்ரீம், இருதயசாமி புத்ரீம், ஜெனிட்டா நாம்நீம் கன்யாம்" என்று கொள்ளுப்பேத்தி, பேத்தி, மகள் முறை வரிசையை மூச்சுவிடாமல் மூன்று தரம் சொன்னார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இருதயசாமி சிரிக்கவில்லை. அவருடைய தாத்தா பேரைச் சத்தம் போட்டு யாராவது சொல்லிக் கேட்டு நாற்பது வருஷம் இருக்கும். பையன்கள் கல்யாணத்தில்கூட ஒருத்தரும் சொன்னதில்லை. தாரை வார்க்கும்போது செம்பைப் பார்க்காமல் பேரையே கேட்டுக்கொண்டிருந்தவர், பாதித் தண்ணீரை ஜோசியர் தொடையில் ஊற்றிவிட்டார்.

ரெத்தினம் தாலியைக் கட்டினார். மேளம் இல்லாததால் யாரோ போனில் கெட்டிமேளம் போட்டார்கள். பிறகு ரெங்கம்மாள் அரிவாளை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தாள்.

ரெத்தினம் குனிந்தார். வருஷத்துக்கு ஆயிரம் ஏக்கர் கதிர் அறுக்கிற மனுஷர், ஒரு செடிக்கு முன்னால் அசையாமல் நின்றார். அப்புறம் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, மாலையும் கழுத்துமாகக் குலுங்கிக் குலுங்கி அழுதார். "ஒருத்தி என் மடியிலதாங்க உசிர விட்டா. இன்னொருத்திய என் கையாலயே வெட்டச் சொல்றீங்களே!"

"செடிடா அது" என்றாள் ரெங்கம்மாள்.

"இப்பத்தான தாலி கட்டுனேன்!"

ஜோசியர், தகப்பனாரும் வெட்டலாம், தோஷமில்லை என்றார். எல்லோர் கண்ணும் மறுபடி இருதயசாமி மேல் போயிற்று. எட்டு வருஷம் காத்திருந்த மனுஷன். அவர் தோள்துண்டால் மூக்கைச் சிந்திவிட்டு, "நான் மாட்டேன். பெத்தவன வெட்டச் சொல்றது எந்த ஊர் நியாயம்?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சித்தப்பா கைக்கடிகாரத்தைத் தட்டினார். "நேரம் தாண்டுது. இது நடக்கலன்னா எங்க வீட்டுல அது நடக்காது. நான் கெளம்புறேன்." செருப்பையும் மாட்டிக்கொண்டார்.

பாத்திமா மேரிக்குக் கோபம்தான் வந்தது. அழுகிற ஆண்கள் இரண்டு பேர், கிளம்புகிற ஆண் ஒருத்தர், பஞ்சாங்கம் பார்க்கிற ஆண் ஒருத்தர். இத்தனை பேர் இருந்தும், எவள் அந்தச் செடியைக் காப்பாற்றினாளோ அவள்தான் முடிவு கட்ட வேண்டியிருக்கிறது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். செடியின் மாலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். பட்டுப்புடவையை அவிழ்த்தாள். பூக்களை ஒரு தரம் தடவினாள். "போடி, கண்ணு" என்றாள். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, ஒரே வெட்டு. வெட்டிய இடத்தில் பால் பொங்கி வழிந்தது.

"அடியோட வெட்டணும்..." என்று ஜோசியர் ஆரம்பித்தார். பாத்திமா மேரி அரிவாளும் கையுமாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சம்பூர்ணம்" என்றார் ஜோசியர்.

அந்த வாரமே ரெத்தினத்துக்கும் செம்மொழிக்கும் கல்யாணம் நடந்தது. பாத்திமா மேரி தலைவலி என்று சொல்லிப் போகவில்லை. சாமந்தி மாலையை, குருத்து ஞாயிற்று ஓலைச் சிலுவை தொங்கிய ஆணியிலேயே மாட்டி வைத்தாள். அது அங்கேயே வாடிக் காய்ந்தது. அந்த மூலைப்பக்கம் பார்ப்பதையே விட்டாள். கேட் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், காற்றுதான். தனக்கு இவ்வளவு அழுகை வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

ஆடி பிறந்த பிறகு ஒரு விடியற்காலையில் பல் விளக்க வெளியே வந்தவள், இருதயசாமி வாளியும் கையுமாக அந்த மூலையில் குந்தியிருப்பதைப் பார்த்தாள். உப்பா, மண்ணெண்ணெயா என்று பதறிப்போய்க் கிட்டே போனாள். வாளியில் வெறும் தண்ணீர். ரோஜாவுக்கு வாங்கி மிச்சமான எருவும் ஒரு தட்டில் இருந்தது. வெட்டிய கட்டையைச் சுற்றி ஏழெட்டுத் துளிர், முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது.

"எத்தன நாளா நடக்குது இது?"

"வெட்டுன மறுநாளேர்ந்து" என்றார் இருதயசாமி, திரும்பாமல். "உனக்கென்ன தெரியும்? நான் என்ன ஊத்துனாலும் சாவாத செடி இது."

பாத்திமா மேரி சொட்டுநீலத்தைப் பற்றி இப்போது சொல்லலாமா என்று யோசித்தாள். வேண்டாம், மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார் என்று விட்டுவிட்டாள்.

பதினெட்டாம் பெருக்கன்று எங்கள் பக்கத்துப் புது ஆற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. ஊரே ஆற்றங்கரைக்குப் போயிருந்தது. காலை ஒன்பது மணிக்குக் கேட் சத்தம் கேட்டது. பாத்திமா மேரி எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தரமும் கேட்டபோதுதான் போனாள்.

ரெத்தினமும், பக்கத்தில் மெலிந்த, சிரித்த முகமுள்ள ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். அவள் ஒரு கையில் சித்ரான்னத் தூக்கு, இன்னொரு கையில் பையில் இரண்டு காய்ந்த கல்யாண மாலைகள்.

"நான் செம்மொழிங்கம்மா. கல்யாண மாலைய ஆத்துல விடப் போறோம். செடியக்கா மாலை இங்க இருக்குன்னு இவரு சொன்னாரு, அதையும் வாங்கிட்டுப் போவலாம்னு..." என்று நிறுத்தி, தயங்கிச் சொன்னாள்: "ஆடிக்குப் பொண்ண அனுப்பணும்னு நீங்க கேட்டீங்களாம். இவரு சரின்னுட்டு வந்தாராம். எனக்கும் போறதுக்குத் தாய் வீடு இல்ல. அதான் நானே வந்துட்டேன். வரலாங்களா?"

பாத்திமா மேரி கேட்டை அகலத் திறந்தாள்.

உள்ளே கால் வைத்த ரெத்தினம் ஈசானிய மூலையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். துளிர்கள் இடுப்புக்கு வந்திருந்தன. ஒன்றில் மொட்டுகூட வைத்திருந்தது. "ஐயய்யோ! போய்ச் சேரலையா? ஜோசியர் என்ன சொல்லுவாரு? அரிவாள் இருக்காங்க?"

இருதயசாமி செடிக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எம்பொண்ணுமேல கைய வச்சிப் பாருங்க மாப்ள!"

செம்மொழி இருவரையும் விலக்கிவிட்டு முன்னால் போனாள். குனிந்து அந்த மொட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஆற்றங்கரையில் கட்டிக்கொள்ள வைத்திருந்த மஞ்சள் கயிற்றில் ஒன்றை எடுத்து, இருப்பதிலேயே உயரமான துளிரில் பூப்போல முடிந்தாள்.

"உங்ககிட்ட பொண்டாட்டி தங்காதுன்னுதான ஊரே சொல்லுச்சி?" என்றாள் புருஷனிடம். "ஒருத்தங்க தங்கிட்டாங்க. பாத்துக்குங்க."

ரெத்தினம் பார்த்தார். அரிவாளைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை.

பாத்திமா மேரி உள்ளே போய் ஆணியிலிருந்த சாமந்தி மாலையை எடுத்தாள். வெளியே வருவதற்குள் இருதயசாமியின் குரல் அடுப்படி வரை கேட்டது. "மேரி, ஆத்துக்கு அப்பறம் போவட்டும். ரெண்டு பொண்ணும் மாப்ளயும் வந்திருக்காங்க, மொதல்ல எலையப் போடு!"